மருந்தும் உணவும்: மைசூர் ஆராய்ச்சிகள் காட்டும் வழி

கிராமத்து வைத்தியசாலைக்கு வரும் நோயாளி மருத்துவரிடம் பெரும்பாலும் இரண்டு வினாக்களைக் கேட்பதுண்டு. "என்ன மருந்து சாப்பிட வேண்டும்?" என்பது ஒன்று, "என்ன ஆகாரம் கொள்ளலாம், எதை விலக்க வேண்டும்?" என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குரிய விடை மருந்துச் சீட்டில் அடங்கிவிடும். இரண்டாவது வினா அவ்வளவு எளிதன்று. நோயாளியின் வீட்டில் என்ன தானியம் இருக்கிறது, யார் சமைக்கிறார், கைப்பொருள் எவ்வளவு, பாட்டியார் சொல்லிவைத்த பத்தியம் யாது என்பனவெல்லாம் அதில் அடங்கியுள்ளன. மேலும், நோயாளி மருத்துவரிடம் வருமுன்னரே வீட்டில் ஏதேனும் ஒரு கஷாயமோ, பொடியோ, கஞ்சியோ கொடுத்துப் பார்த்திருப்பார்கள். அது நல்லதா, வீணா, கெடுதலா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவது எளிது. முன்னோர் சொன்னது எல்லாமே சரி என ஏற்றுக்கொள்வதும் எளிது. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்பதுதான் கடினம்.

அவ்வாறு நிறுத்துப் பார்க்கும் வேலைக்கு மைசூர் நகரம் நெடுநாளாகப் பெயர் பெற்றது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1908-ம் ஆண்டில், இங்கே ஆயுர்வேதக் கல்லூரி ஏற்பட்டது. 1924-ல் பெங்களூரில் தொடங்கிய மேனாட்டு மருத்துவக் கல்லூரி 1930-ல் மைசூருக்கு மாற்றப்பட்டது. அரச குடும்பத்தைச் சேர்ந்த செலுவாம்பா மாளிகையில், 1950-ம் ஆண்டு அக்டோபர் 21-ம் தேதி, மத்திய உணவுத் தொழில் நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறந்து வைக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். மூலிகையை நோக்கும் கல்லூரியும், நோயை நோக்கும் கல்லூரியும், அன்றாட உணவைப் பகுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிசாலையும் ஒரே நகரில் அமைந்தமையால், உணவு எங்கே மருந்தாகிறது, எங்கே ஆகாது என்னும் வினாவை ஆராய மைசூரைவிடப் பொருத்தமான இடம் அரிது.

குன்னூரில் தொடங்கிய பாடம்

இவ்வாராய்ச்சியின் வேர் நீலகிரியில் உள்ளது. டாக்டர் ராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். கைகால் மரத்து, வீக்கம் கண்டு, இருதயம் தளர்ந்து மனிதரைக் கொல்லும் அந்நோய் அக்காலத்தில் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் மிகுதி. ஆயின், தமிழ் மாவட்டங்களிலும் அரிசியே பிரதான உணவாயிருந்தும் அங்கே நோய் அவ்வளவாகக் காணப்படவில்லை. இரு பகுதியினரும் அரிசி உண்பவர். வேறுபாடு அரிசியைத் தயாரிக்கும் முறையில் இருந்தது. ஆந்திரக் கடற்கரையில் ஆலையில் தீட்டிய பச்சரிசி வழக்கம். தமிழ்நாட்டில் புழுங்கலரிசி வழக்கம்.

நெல்லின் தவிட்டிலும் முளையிலும் வைட்டமின் 'பி-1' உள்ளது. பச்சை நெல்லைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது அச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடும். நெல்லைப் புழுக்கிய பாட்டியார் வைட்டமினை அறியார். அரிசி உடையாமலும் புழு பிடிக்காமலும் இருக்கவே புழுக்கினார். எனினும் அவருடைய பானை ஒரு கொடிய நோயைத் தடுத்துக்கொண்டிருந்தது.

புழுங்கலரிசிக்கும் ஒரு குறை இருந்தது. நெல்லை இரண்டு மூன்று நாள் குளிர்ந்த நீரில் ஊறப்போடுவதால் அது புளித்து, சோற்றில் ஒரு நாற்றம் ஏறும். இதனால் பலர் பச்சரிசியை விரும்பினர். மைசூர் ஆராய்ச்சி நிலையத்தார் ஏறத்தாழ 70 டிகிரி சூடுள்ள நீரில் மூன்று நான்கு மணி நேரம் மட்டும் ஊறவைக்கும் முறையை வகுத்தனர். நாற்றமும் நீங்கியது; ஆலைக்காரருக்கு நாட்களும் மிஞ்சின. பழைய வழக்கத்தின் பயனைக் காத்து, அதன் குறையை நீக்குவது எப்படி என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிபெரி உணவினாலேயே குணமாவதற்குக் காரணம், அது உணவுக் குறைவினால் வந்த நோய் என்பதே. எந்தச் சத்தின் குறையால் நோய் வந்ததோ அந்தச் சத்தே அதற்கு மருந்து. இந்த விதியைப் பற்றிக்கொண்டால் பாதி வழி தெளிவாகிவிடும்.

நிலக்கடலை தந்த இரு படிப்பினைகள்

சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் மருத்துவர்களைக் கலங்கச் செய்தது குழந்தைகளின் போஷாக்குக் குறைவு. தாய்ப்பாலை மறந்த குழந்தை வெறும் கஞ்சியை உண்டு, உடல் வீங்கி, தலைமயிர் நிறம் மாறி, சோர்ந்து கிடக்கும் காட்சி எங்கும் இருந்தது. மைசூர் நிலையத்தார் இதற்கெனப் 'பல்நோக்கு உணவு' ஒன்றை உருவாக்கினர். எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்கு, கொண்டைக்கடலை மாவு 25 பங்கு. அவற்றோடு வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்க்கப்பட்டன. நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம் கொண்ட அம்மாவைக் களியிலோ குழம்பிலோ ஒரு பிடி கலந்தால் போதும். எண்ணெய்ச் செக்கிலிருந்து மாட்டுத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்த சத்து மனிதக் குழந்தைக்குக் கிடைக்க வழி பிறந்தது.

ஆனால் 1960-ல் இங்கிலாந்தில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. பண்ணைகளில் வளர்த்த வான்கோழிகள் ஓர் இலட்சம் அளவில் மடிந்தன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது எனவும், அப்பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கிற்று எனவும் பின்னர் தெரிந்தது. இந்நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. சிறு சிறு அளவில் நெடுநாள் உட்கொண்டால் புற்றுநோய்க்கும் காரணமாவது. சாதாரணச் சமையல் சூட்டில் இது முற்றிலும் அழிவதில்லை. 1974-ம் ஆண்டின் இறுதியில் இராஜஸ்தான், குஜராத் எல்லை மாவட்டங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேர் நோயுற்று, அவர்களில் 106 பேர் இறந்தனர். அது வேறெதுவும் கலவாத, வயலிலிருந்து நேராக வந்த தானியம். 'இயற்கையானது தீங்கு செய்யாது' என்று சொல்வோருக்கு இந்நிகழ்ச்சியை நினைவூட்டல் வேண்டும். நிலக்கடலையை நன்கு உலர்த்தி, ஈரம் படாத இடத்தில் வைத்து, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பூஞ்சணம் கண்டதையும் பொறுக்கி எறிவது எந்த வைட்டமினைச் சேர்ப்பதற்கும் முந்திய வேலையாகும்.

மற்றொரு படிப்பினை ஹைதராபாத்திலிருந்து வந்தது. குன்னூரில் தொடங்கிய போஷாக்கு ஆராய்ச்சிசாலை 1958-ல் அந்நகருக்கு மாற்றப்பட்டது. சேலத்தில் பிறந்த மருத்துவரான டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும், கிராமக் குழந்தைகளுக்கு நாள்தோறும் 310 கலோரியும் 3 கிராம் புரதமும் மட்டும் தரும் சிற்றுணவை 14 மாதங்கள் கொடுத்துப் பார்த்து, முடிவை 1973-ல் வெளியிட்டனர். அக்குழந்தைகளின் உயரமும் எடையும் கூடின. இதனின்று தெரிந்தது யாதெனில், பெரும்பாலான குழந்தைகளுக்குத் தனிப்பட்ட புரதக் குறைவைவிட வயிறு நிறைய உணவு இல்லாமையே முதற்குறை என்பது. வீட்டு உணவையே போதிய அளவு தர முடிந்தால், விலையுயர்ந்த புரதப் பொடிக்குத் தேவை பெரும்பாலும் இராது.

கேழ்வரகின் கட்டியும் நெகிழ்வும்

அப்படியானால் குழந்தைக்கு மேலும் கொஞ்சம் கஞ்சி கொடுத்தால் போகிறது என்று தோன்றலாம். இங்கேதான் தாய்மார்கள் நன்கறிந்த, ஆனால் புத்தகங்கள் நெடுநாள் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. மாவு வெந்ததும் நீரை உறிஞ்சி வீங்கிக் கெட்டியாகிவிடும். ஒரு வயதுக் குழந்தையால் கெட்டியான களியை விழுங்க இயலாது. ஆகவே தாய் நீரைச் சேர்த்து நெகிழ்த்துகிறாள். குழந்தையின் சிறு வயிறு அந்த நீரினாலேயே நிறைந்துவிடுகிறது. சத்து உள்ளே போவதில்லை. வயிறு நிறைந்தும் குழந்தை மெலிகிறது.

மைசூர்ப் பகுதி மக்களின் பிரதான தானியம் கேழ்வரகு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. மைசூர் நிலையத்தில் டாக்டர் எச். எஸ். ஆர். தேசிகாச்சாரும் டாக்டர் என். ஜி. மல்லேஷியும் முளைகட்டிய கேழ்வரகை விரிவாக ஆராய்ந்து, அதனோடு முளைகட்டிய பாசிப்பயற்றைச் சேர்த்துக் குழந்தை உணவு ஒன்றை 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினர்.

முளைக்கும் தானியம் தன்னுள் அமிலேஸ் என்னும் நொதிப்பொருளை உண்டாக்குகிறது. அது மாச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டிக்கிறது. துண்டான மாச்சத்து நீரைப் பிடித்து வீங்குவதில்லை. எனவே முளைகட்டிய மாவை ஏறத்தாழ இரு மடங்கு போட்டாலும் கஞ்சி நெகிழ்வாகவே இருக்கும். அதே வயிற்றில் இரு மடங்கு உணவு! அன்றியும், இரும்பையும் சுண்ணாம்பையும் உடலில் சேரவொட்டாமல் பிடித்துவைக்கும் பைட்டிக் அமிலம் முளைகட்டும்போது குறைகிறது. கேழ்வரகுக் கஞ்சி உடலுக்கு உறுதி தரும் என்று நம் பெரியோர் சொன்னது உண்மையே; ஆனால் அந்த உறுதி குழந்தைக்கு எட்டுவதற்கு முளைகட்டும் இரண்டு நாள் வேலை தேவைப்படுகிறது.

முறை எளியது. சுத்தம் செய்த கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் முளைக்க விட வேண்டும். துணி காயாமல் நீர் தெளித்துவர வேண்டும். பின்னர் வெயிலில் நன்கு உலர்த்தி, கையால் தேய்த்து வேர்களைப் புடைத்து நீக்கி, மணம் வரும் அளவு இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். கருகும்படி வறுத்தால் நொதிப்பொருள் அழிந்து பயன் போய்விடும். முளைகட்டும்போது கெட்ட வாடை வீசினாலோ பூஞ்சணம் கண்டாலோ அதனைக் குழந்தைக்குக் கொடுத்தலாகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம். சாதாரண மாவில் கெட்டியான கஞ்சி காய்ச்சி இரண்டு குவளைகளில் ஊற்றுக. சற்று ஆறி, இன்னும் நல்ல சூடாக இருக்கும்போது, ஒரு குவளையில் மட்டும் முளைகட்டிய மாவு ஒரு கரண்டி கலக்குக. சில நிமிடங்களில் அக்குவளைக் கஞ்சி இளகி ஓடத் தொடங்கும். மற்றதில் கரண்டி நிற்கும். கஞ்சி கொதிக்கும்போதே கலந்தால் இம்மாற்றம் நிகழாது. வீட்டில் குழந்தைக்காக இவ்வாறு செய்வோர், இளகிய பின் மறுபடி ஒரு கொதி வரவிட்டு ஆற்றிக் கொடுப்பது நலம்.

பூண்டும் எலுமிச்சையும் செய்வது என்ன?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. கிராம ஊழியர் எவரும் ஒவ்வொரு தெருவிலும் காணக்கூடிய நோய் இது. களைப்பு, மூச்சு வாங்குதல், வெளுத்த நகம் ஆகியவை பெண்களுக்கு இயல்பானவை என்று வீட்டார் எண்ணிவிடுவதால் மருத்துவரிடம் வருவதும் தாமதமாகிறது.

நம் உணவில் இரும்பு இல்லாமலில்லை. தானியங்களிலும் பருப்புகளிலும் கீரைகளிலும் அது உண்டு. ஆனால் அதில் சிறு பகுதியே குடலால் ஏற்கப்படுகிறது. பைட்டிக் அமிலமும், தேநீரிலும் கேழ்வரகின் தோலிலும் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் அதனைத் தடுக்கின்றன. இத்தடையைச் சமையலறைப் பொருள்களால் தளர்த்த முடியுமா என மைசூர் நிலையத்தில் டாக்டர் கல்பனா பிளாட்டெல், டாக்டர் கே. சீனிவாசன் ஆகியோர் கொண்ட குழு ஆராய்ந்தது. 2010-ல் வெளியான முடிவின்படி, 10 கிராம் தானியத்துக்குக் கால் கிராம் முதல் அரைக் கிராம் வரை பூண்டோ, ஒன்றரை முதல் மூன்று கிராம் வரை வெங்காயமோ சேர்த்தபோது, கிடைக்கக்கூடிய இரும்பின் அளவு தானியத்துக்குத் தக்கபடி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை கூடியது. இவை சோதனைக்கென்று எடுத்துக்கொண்ட பெரிய அளவுகளல்ல. சாதாரணமாகத் தாளிதத்தில் போடும் அளவுகளே. காய்கறிகளிலுள்ள வைட்டமின் 'ஏ'-யின் மூலப்பொருளான பீட்டா கரோட்டினைக் கிடைக்கச் செய்வதில் எலுமிச்சைச் சாறும், மாங்காய்ப் பொடியும், மஞ்சளும், வெங்காயமும் உதவுவதையும் இக்குழுவினர் கண்டனர்.

இம்முடிவுகளைப் படிக்கும்போது ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. இவை வயிற்றிலும் குடலிலும் நடக்கும் ஜீரணத்தைப் போலச் சோதனைக் குழாயில் நடத்திய ஆராய்ச்சிகள். இத்தனை இரும்பு கரைந்து குடலுக்குக் கிடைக்கக்கூடும் என்று இவை கூறுகின்றன. இத்தனை பேருடைய இரத்தம் தேறியது என்று கூறவில்லை. சோதனைக் குழாய், பிராணி, சில மனிதர், பல மனிதர் என்று ஆராய்ச்சிக்குப் பல படிகள் உள்ளன. முதற்படியில் கண்டதைக் கடைசிப் படியில் கண்டதாகச் சொல்வதால்தான் பத்திரிகைச் செய்திகள் பலவும் மக்களை ஏமாற்றிவிடுகின்றன.

ஆகவே ஊழியர் இதனை எப்படிப் பயன்படுத்துவது? பருப்பிலும் கீரையிலும் பூண்டும் வெங்காயமும் சேர்ப்பதும், உண்ணும்போது எலுமிச்சை பிழிவதும், கொய்யா, நெல்லி போன்ற கனிகளைச் சேர்ப்பதும், சாப்பாட்டை ஒட்டித் தேநீர் பருகாமல் ஒரு மணி நேரம் தள்ளிப் பருகுவதும் செலவில்லாத நல்ல பழக்கங்கள். இவை இரத்தசோகை வராமல் காக்க உதவும். ஆனால், கருவுற்ற பெண்ணுக்குச் சோகை ஏற்கெனவே வந்துவிட்டதாயின், கீரையை மட்டும் நம்பியிருக்க நாள் இல்லை. அரசினர் வழங்கும் இரும்பு மாத்திரையைக் குறைந்தது 180 நாள் அவள் உட்கொள்ள வேண்டும். கடுஞ்சோகையாயின் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். குடலில் கொக்கிப்புழு இருந்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் எந்த உணவும் ஈடுசெய்யாது. புழுவை நீக்க வேண்டும், காலில் செருப்பும் வீட்டில் கழிப்பறையும் வேண்டும். சோகை ஒன்றே, காரணங்கள் பல.

வெந்தயமும் மஞ்சளும்: அளவே கேள்வி

நீரிழிவு நோயாளிகள் வெந்தயத்தைப் பற்றிக் கேட்காத நாளில்லை. இதிலும் உண்மை இருக்கிறது. வெந்தயத்தில் நீரில் ஊறிக் கொழகொழப்பாகும் நார்ச்சத்து மிகுதி. அது குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. ஹைதராபாத் தேசிய போஷாக்கு நிலையத்தில் நடந்து 1990-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இன்சுலின் தேவைப்படும் நோயாளிகளுக்குப் பத்து நாள் வெந்தயப் பொடி கொடுக்கப்பட்டு, இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஆனால் கொடுத்த அளவு எவ்வளவு? கொழுப்பு நீக்கிய பொடி நாளொன்றுக்கு 100 கிராம்! காலையில் விழுங்கும் ஒரு தேக்கரண்டி வெந்தயம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அன்றியும், அந்நோயாளிகள் எவரும் அதற்காக இன்சுலினைக் கைவிடவில்லை.

இங்கேதான் ஆபத்து நிற்கிறது. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்திவிட்டு வெந்தயமோ பாகற்காய்ச் சாறோ கொடுத்தால், சில நாட்களுக்குள் இரத்தத்தில் அமிலம் ஏறி, மயக்கம் வந்து, உயிர் போய்விடலாம். முதிர்ந்த வயதில் வரும் நீரிழிவுக்கு வெந்தயம் நல்ல உணவுத் துணை. மருத்துவர் தந்த மருந்துக்கு மாற்று அன்று. நோயாளி அதனை உண்ணுவது மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்தும் வெந்தயமும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்துவதும் உண்டு.

மஞ்சளின் கதையும் இத்தகையதே. மஞ்சளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு குர்குமின் என்னும் நிறப்பொருள் உண்டு. அதன் குணங்கள் சோதனைக் குழாயில் வியக்கத்தக்கவை. ஆனால் உண்ட குர்குமின் இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. பெங்களூரில் நடந்து 1998-ல் வெளியான ஆராய்ச்சியில், இரண்டு கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, மனிதர் இரத்தத்தில் அது சேரும் அளவு இருபது மடங்காயிற்று. மிளகும் மஞ்சளும் சேர்ந்த நம் பழைய இரசத்தையும் பாலையும் இது நினைவூட்டுகிறது. ஆனால் அதே பைப்பரின் வேறு மருந்துகளையும் அளவுக்கு மேல் இரத்தத்தில் ஏற்றிவிடும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் அவற்றுள் ஒன்று. இரசத்தில் போடும் மிளகால் அஞ்ச வேண்டியதில்லை. செறிவூட்டிய மாத்திரைகளாக விற்பவற்றால் அஞ்ச வேண்டும். அத்தகைய மஞ்சள் மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அண்மை ஆண்டுகளில் அறிக்கைகள் வந்துள்ளன. சமையலில் உணவாயிருந்த பொருள் மாத்திரையில் மருந்தாகிவிடுகிறது. மருந்தாகிவிட்டால் மருந்துக்குரிய எச்சரிக்கை அனைத்தும் அதற்கும் வேண்டும்.

தாமதம் உயிரை வாங்கும் இடம்

வீட்டு வைத்தியம் பல நோய்களில் பயனின்றிப் போனாலும் பெரிய தீங்கு செய்வதில்லை. சளி தானே தணியும். சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் குழந்தையின் வயிற்றுப்போக்கில் நிலைமை வேறு. 'தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும், பாலை நிறுத்த வேண்டும்' என்ற நம்பிக்கை எண்ணற்ற குழந்தைகளின் உயிரைப் போக்கியிருக்கிறது. பேதியினால் குழந்தை இறப்பது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதனாலேயே.

1971-ல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்டது. பங்காவ்ன் என்னுமிடத்தில் டாக்டர் திலீப் மஹலனபிஸ் குளுக்கோஸும் உப்புகளும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே தாழ்ந்தது. மருந்தைக் கலந்து ஊட்டியவர்களில் பெரும்பாலோர் நோயாளிகளின் உறவினர்களே. குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்து உள்ளே நுழைகின்றன. அவற்றின் பின்னே நீரும் செல்கிறது. காலராவிலும் இவ்வாயில் மூடப்படுவதில்லை என்பதே இச்சிகிச்சையின் ரகசியம்.

நம் வீட்டு உப்புக் கஞ்சியிலும் இதே தத்துவத்தின் ஒரு பகுதி அடங்கியுள்ளது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். சிறுகுடலில் ஜீரணமாகாத ஒருவகை மாச்சத்தை உப்பு நீர்க் கரைசலில் சேர்த்தால் காலரா நோயாளியின் பேதி விரைவில் தணிகிறது என்று 2000-ம் ஆண்டில் அவர்கள் அறிவித்தனர். அம்மாச்சத்து பெருங்குடலில் புளித்து, அங்கும் நீர் உறிஞ்சப்பட உதவுகிறது.

எனவே, பேதி தொடங்கியவுடன் வீட்டிலுள்ள உப்புக் கஞ்சியைக் கொடுப்பது நன்று. உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை, அதில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுப்பது அதனினும் நன்று. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுக்க வேண்டும். கண் குழிந்து, நாக்கு வறண்டு, தோலைக் கிள்ளினால் மடிப்பு மெல்லத் திரும்புமாயின், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால், வசம்பு உரைத்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கமும் தவிர்க்கத்தக்கது. தேனிலுள்ள ஒருவகைக் கிருமியின் வித்து சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும்.

ஊழியர் கேட்க வேண்டிய வினாக்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், எந்த இயற்கை மருந்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் ஊழியரும் ஆசிரியரும் சில வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். இந்நோய் உணவுக் குறைவினால் வந்ததா, கிருமியாலோ உறுப்புக் கேட்டாலோ வந்ததா? முன்னதாயின் உணவே மருந்து. பின்னதாயின் உணவு துணை மாத்திரம். எவ்வளவு உண்டால் பயன் என்று கண்டிருக்கிறார்கள்? அந்த அளவு வீட்டுச் சமையலில் அடங்குமா? சோதனைக் குழாயில் கண்டதா, மனிதரிடம் கண்டதா? இதனை முயன்று பார்க்கும் நாட்களுக்குள் நோய் முற்றிவிடுமா?

இவற்றை அதட்டிக் கேட்டால் பயனில்லை. "யார் சொன்னது உனக்கு?" என்று மருத்துவமனையில் ஒருமுறை கடிந்து பேசப்பட்ட தாய் அடுத்த முறை உண்மையை மறைத்துவிடுவாள். "இதுவரை வீட்டில் என்ன கொடுத்தீர்கள் அம்மா?" என்று கேட்டு, அவள் செய்ததில் நல்லதை முதலில் பாராட்டி, பிறகு தவிர்க்க வேண்டியதைச் சொன்னால் அவள் கேட்பாள். கஞ்சி கொடுத்தது சரி, தண்ணீரை நிறுத்தியதுதான் தவறு என்று எடுத்துக் கூறுவது அவளுக்கு அவமானமாகத் தோன்றாது.

இவ்வாண்டு ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு குழந்தைகள் மையத்திலும் கேழ்வரகுக் குவளைச் சோதனையை ஒருமுறையேனும் தாய்மாரைக் கூட்டிச் செய்து காட்டுவது நன்று. ஒரு படி கேழ்வரகு, ஒரு துணி, இரண்டு குவளைகள் ஆகியவையே செலவு. கஞ்சி இளகுவதைக் கண்ணால் கண்ட தாய்க்கு வேறு சொற்பொழிவு தேவையில்லை. அடுத்த வாரம் அவள் வீட்டுத் திண்ணையில் முளைகட்டிய கேழ்வரகு உலர்கிறதா என்று பார்த்து வருவதே ஊழியரின் மறுவேலை.